பத்து கிலோமீட்டர்

ஜூலை வெயிலில் கிறிஸ்மஸ் படத்துக்காகப் போட்ட கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் டைரக்டர் கூப்பிடுகிறான் என்றால், விஷயம் கூட நடிக்கும் வாலஸைப் பற்றித்தான்.

— உட்காருங்க க்ளெனா. பட்டர் டார்ட் எடுத்துக்குங்க. திராட்சை போட்டது.

— நீயே கொண்டுவந்து கொடுக்கிறியா கோரி? அப்ப யாருக்கோ வேலை போகப்போகுது. சொல்லு தங்கம்.

— வாலஸுக்குத்தான். பாருங்க, ‘பக்கத்து ஊர் ஆறு மைல்’னு சொல்லணும். காலையிலிருந்து ‘பத்து கிலோமீட்டர்’, ‘பத்து கிலோமீட்டர்’. கதை நடக்கிறது அமெரிக்காவுல, வெர்மாண்ட்ல; அங்க மைல்தான். அமெரிக்கக் கொடி கட்டி, நம்ம ஊர்ச் சிவப்புத் தபால்பெட்டியை மூடி வச்சு என்ன பிரயோஜனம்? இவர் வாயத் திறந்தா கனடா வந்து நிக்குது.

— நாப்பது வருஷமா அமெரிக்க ஷெரீப், அமெரிக்க ஜட்ஜ், அமெரிக்க அப்பா. ஒரு நாளாவது சொந்த ஊர்க்காரனா இருந்துட்டுப் போகட்டுமே.

— லாஸ் ஏஞ்சலஸ்ல தயாரிப்பாளருங்க யாரும் சிரிக்கல க்ளெனா. நுரைப் பனி வேற வெயில்ல கரையுது. டேக்குக்கு டேக் புதுசா அடிக்க வேண்டியிருக்கு. அவருக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு டொரொன்டோலருந்து வேற ஆள் வர்றார்.

— என்னை எதுக்குக் கூப்பிட்டே?

— எல்லாக் கிறிஸ்மஸ் படத்துலயும் நீங்கதான அவர் பொண்டாட்டி. நீங்க எடுத்துச் சொன்னா மனசு நோகாமப் போயிடுவார்.

— போயிடுவார்தான். லைட் தூக்குற பையன்வரைக்கும் ஒவ்வொருத்தர்கிட்டயும் சாரி சொல்லிட்டுப் போவார். ஏன் இப்படிச் சொல்றீங்கன்னு அவரைக் கேட்டியா?

— கேட்டேன். ‘வயசாச்சுப்பா’ன்னார்.

— வேற ஒண்ணும் சொல்லலையா?

— இல்ல. ஏன், டார்ட்டைத் தொடவே இல்லியே?

— அந்த மைல் வசனத்துக்கு அப்புறம் யார் பேசணும் தங்கம்?

— நீங்க.

— இன்னைக்கு ஒரு தடவையாவது பேசினேனா?

— எங்க பேச முடிஞ்சுது? அதுக்குள்ள நான் கட் சொல்லிடறேனே.

— அதுக்குத்தான் சொல்றார். முதல்ல என் முகத்தைப் பார்ப்பார். அடுத்த வரி என் ஞாபகத்துல இல்லேன்னு தெரிஞ்சா உடனே கிலோமீட்டர்தான். போன படத்துலயும் இப்படித்தான் செஞ்சார். நாங்க ரெண்டு பேரும் இதப் பத்திப் பேசிக்கிட்டது கிடையாது.

— க்ளெனா...

— அவர்கிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன் கோரி. டொரொன்டோக்காரரை வரவேண்டாம்னு சொல்லிடு. நீ பொண்டாட்டி வேஷத்துக்கு ஆள் பாரு.