பாலத்தில் மாட்டிய சிநேகிதன்

மனைவி: என்னங்க, அஞ்சு மணிக்கு விழா. இருபது வருஷமா எதுலயும் இடிக்காத ஓட்டுநர்னு உங்களுக்குக் கேடயம் தர்றாங்க. நீங்க இன்னும் எங்க இருக்கீங்க?

ஓட்டுநர்: வந்துட்டே இருக்கேன்மா... சின்ன நெரிசல்.

மனைவி: ஒரே ஹாரன் சத்தமா இருக்கே?

ஓட்டுநர்: அது... நம்ம சிநேகிதன் ஒருத்தன். ரயில் பாலத்துக்கு அடியில லாரியை விட்டுட்டான். பெட்டியோட கூரை மாட்டிக்கிச்சு. பாவமேன்னு கூட நிக்கிறேன்.

மனைவி: அடடா! யாருங்க அந்தக் கெட்டிக்காரர்?

ஓட்டுநர்: உனக்குத் தெரியாது.

மனைவி: பாலத்துல உயரம் எழுதியிருக்குமே. கண்ணு எங்க போச்சாம்?

ஓட்டுநர்: ஸ்கூட்டரைக் கொண்டுபோய் நம்ம வீட்டு கேட்டுத் தூணுலயே மோதினவ பேசற பேச்சா இது?

மனைவி: ஆரம்பிச்சாச்சா! பதினோரு வருஷமாச்சு, அந்தத் தூணே மறந்திருக்கும்...

ஓட்டுநர்: காலையில இதே பாலத்துல, இதே லாரி, நுழைஞ்சு போச்சுடி! மேல ரெண்டு விரல் இடம் இருந்துது. நான் பார்த்... அவன் பார்த்தான்.

மனைவி: அப்போ லோடு இருந்துதா?

ஓட்டுநர்: பெட்டி நெறைய தரை ஓடு. இறக்கிட்டுத் திரும்பி வர்றப்போ...

மனைவி: பாரம் இறங்கினா லாரி நிமிர்ந்துக்கும்னு நீங்கதானே எனக்குப் பாடம் எடுப்பீங்க?

ஓட்டுநர்: அது... அவனுக்குத் தோணலையே!

மனைவி: சரி, இப்போ என்ன பண்றாரு?

ஓட்டுநர்: சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு பார்த்துட்டு இருக்கான்.

மனைவி: டயர்ல காத்து இறக்கினாரா?

ஓட்டுநர்: இறக்கியாச்சு. இன்னும் ஒரு நூல் பத்தல.

மனைவி: அப்போ பாரம் ஏத்தச் சொல்லுங்க. பின்னாடி பஸ் கிஸ் நிக்கலையா?

ஓட்டுநர்: நிக்குதே! நாப்பது பேர்... அட! நடத்துனரே, எல்லாரையும் என் லாரியில ஏத்துங்க!

மனைவி: யாரு லாரியில?

ஓட்டுநர்: அவன் லாரியிலதான்! அவசரத்துல வாய் குழறிடுச்சு... ஏறுறாங்க, ஏறுறாங்க. ஆமா, நீ ஏன் இப்படி மூச்சு வாங்கறே?

மனைவி: படி கொஞ்சம் உயரம்... நீங்க வேலையைப் பாருங்க.

ஓட்டுநர்: இரு, ரிவர்ஸ் போடறேன்... தாழுது... நகருது... வந்துடுச்சுடி! ஒரு கீறல் கிடையாது!

மனைவி: உங்க சிநேகிதருக்குத்தானே?

ஓட்டுநர்: ஆமாமா, அவனுக்குத்தான்! விழாவுல இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. பாவம், அவன் மானம் போயிடும்.

மனைவி: சொல்லலைங்க. நீங்களும் கேட்டுத் தூணை இத்தோட விட்டுடுங்க. இப்போ இறங்கிப் பின்கதவுப் பக்கம் வாங்க. விழாவுக்கு நான் கிளம்பினது இந்த பஸ்ஸுலதான். உங்க லாரியில ஏறும்போது நடத்துனர் கை கொடுத்தார், இறங்க நீங்க வந்து கொடுங்க.