முப்பத்தெட்டுத் துளைகள்

அத்தை, புல்லுக்குக் காலையில் தண்ணீர் விடுவதுதான் நல்லது. மாலையில் விட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அக்காவின் கல்யாணத் தேதியைப் பேச நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் காலையில்தான் விட்டிருந்தேன். தரை இளகியிருந்தது. முன்பே சொல்லியிருக்கலாம். எனக்குச் சட்டென்று பேச வராது.

அந்தப் புல்வெளி என் மூன்று வருட வேலை. நீங்கள் ஹீல்ஸ் செருப்போடு அதன் குறுக்கே நடந்தீர்கள். போகும்போது பத்தொன்பது துளை, வரும்போது பத்தொன்பது.

அதைப் பொறுத்திருப்பேன். அப்பாதான் காரியத்தைக் கெடுத்தார்.

"மண்டபம் எதுக்கு சம்பந்தியம்மா? இங்கயே பந்தல் போட்டுடலாம். முன்னூறு பேர் தாராளமா நிக்கலாம்."

உங்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. பல் டாக்டரான உங்கள் மகன், பந்தல் கால்களை எங்கெங்கே நடலாம் என்று குடையால் குத்திக் காட்டினார். மூன்று நாள் வெயில் படாவிட்டால் புல் வெளுத்துவிடும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படித்தது பல்.

சமையலறையில் என்னைத் தனியாகப் பார்த்து, "ஏம்மா, நீ வாயே திறக்க மாட்டியா? உனக்கும் சேர்த்து உங்கக்கா பேசுறாளே," என்றீர்கள்.

அப்போதுதான் சொன்னேன். "அக்கா இப்ப நல்லா இருக்கா, அத்தை. ஆறு மாசமா யார் மேலயும் எதையும் தூக்கி எறியல."

கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "மருந்து ஏதாவது சாப்பிடுறாளா?"

"இப்ப எதுவும் இல்ல."

இரண்டும் உண்மை. ஆறு மாதத்துக்கு முன்பும் அக்கா எதையும் எறிந்ததில்லை. காய்ச்சலுக்குக்கூட மாத்திரை விழுங்க மாட்டாள். அதை நீங்கள் கேட்கவில்லை. வாய் திறக்காத பெண் ஒன்றைச் சொன்னால், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

மறுநாள் காலையிலேயே ஃபோனில் கல்யாணத்தை நிறுத்திவிட்டீர்கள். நான்கு வருடம் காதலித்தவர்கள் அவர்கள். நான் துளைகளை அடைக்க மணலுக்குச் சொல்லி அனுப்பினேன். அது வந்து சேரத் தாமதமாகிவிட்டது.

அக்கா அன்றிலிருந்து புல்லில் குப்புறப் படுத்து அழுகிறாள். "நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்று கேட்கிறாள். ஒரே இடத்தில் படுத்தால் புல் மஞ்சளாகும். "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கோக்கா," என்று பக்குவமாகத்தான் சொல்கிறேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. கண்ணீரில் உப்பு இருக்கிறது என்று தெரிந்தும் அவளை எழுப்பியதில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. மூன்று வாரம் கழித்துப் பார்க்கிறேன், உங்கள் துளைகளைச் சுற்றி மட்டும் புல் கரும்பச்சையாக அடர்ந்து நிற்கிறது. மேலே இளகியிருந்தாலும் அடியில் மண் இறுகிக் கிடந்திருக்கிறது. வேருக்குக் காற்றே போகவில்லை. நீங்கள் நடந்த பிறகுதான் போயிருக்கிறது. தாவரவியல் படித்த எனக்கு இது தோன்றாமல் போனது பெரிய பிழை. இரண்டு நாளாக மனசு உறுத்துகிறது.

ஆகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அக்காவிடம் எந்தக் குறையும் இல்லை. அவள் தங்கமானவள். கல்யாணத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவர் விடாமல் வரட்டும். பந்தல் மட்டும் வேண்டாம்.

நீங்கள் அந்தச் செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள், அத்தை. இந்த முறை கிழக்கு மூலையிலிருந்து நடக்கத் தொடங்கினால் நல்லது.