கேமரா முன்னாடி எந்திரிக்கக் கூடாது

அட, எந்திரிக்காதீக மதினி, மோரக் குடிச்சிட்டுப் போகலாம். இந்த வெயில்ல இளையாத்தங்குடியில இருந்து மானகிரிக்குப் பத்திரிக்கை வைக்க வந்திருக்கீக, வெறும் வாயோடயா அனுப்புவேன்? நம்ம தேவாவுக்குக் கல்யாணமாக்கும்! பொண்ணு என்ன படிச்சிருக்கு?

என்னது, போனையா? சும்மாதான் பாக்குறேன்.

சரி, உங்ககிட்ட என்னத்த மறைக்கிறது. அங்குட்டு, பழைய செட்டியார் வீட்ட ஹோட்டலாக்கியிருக்காகல்ல, அதுல ஆள் எடுக்குறாக. வர்ற விருந்தாளிய வரவேத்து உக்கார வைக்கிற வேல. இது கெடச்சா எம்மக சுபாவ விட்டுட்டுத் திருப்பூருக்கு ஓட வேணாம். இல்லையின்னா அடுத்த வாரமே பொட்டியக் கட்டணும்.

முன்ன மாதிரி மேனேஜரப் போய்ப் பாக்குறதெல்லாம் இல்ல. இன்டர்வியூ இந்தப் போன்லதான். வணக்கம் மாரீஸ்வரின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுது. கேள்வியும் அதுவே கேக்கும், மார்க்கும் அதுவே போடும். எதுத்தாப்புல மனுசனே கெடையாது. ஒரு உம் கொட்ட ஆளில்லாம எப்படிப் பேச்சு வரும், சொல்லுங்க? கேமராவ விட்டுக் கண்ணு நகரக் கூடாதாம், வேற குரல் கேக்கக் கூடாதாம், முடியிற வரைக்கும் எந்திரிக்கவே கூடாதாம். சுபா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் காலேஜுக்குப் போனா.

இருங்க, மெசேஜ் வந்திருக்கு.

ஒண்ணுமில்ல, அந்த ஹோட்டல்காரன்தான். கெடக்கட்டும், கவுத்து வைக்கிறேன். நீங்க முறுக்கு எடுத்துக்கங்க. ஃபேன இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கவா?

இன்டர்வியூ எப்பவா? அத விடுங்க. நீங்க ஒருத்தரு, தோண்டித் தோண்டிக் கேப்பீக.

இன்னைக்குத்தான் மதினி. கேட்டதுக்கெல்லாம் கடகடன்னு சொன்னேன், சாமி சத்தியமா நல்லாத்தான் சொன்னேன். கடைசியா, விருந்தாளி வாசல்ல வந்து நின்னா எப்படி வரவேப்பீங்கன்னு கேட்டுச்சு. வாயத் தெறக்குறேன், நீங்க தாம்பாளத்தோட வாசல்ல நிக்கிறீக. பத்திரிக்கை கொண்டு வந்தவுகள உக்காந்துக்கிட்டேவா வாங்கங்குறது? போனப் போட்டுட்டு ஓடியாந்தேன். ஆளு பாதியில எந்திரிச்சுப் போச்சு, வேலைக்குத் தோதுப்படாதுன்னு இப்ப மெசேஜ் அனுப்பியிருக்கு.

அட, அழுகாதீக. உங்க மேல என்ன தப்பு? இந்தாங்க, குங்குமம் வச்சுக்கங்க. கல்யாணம் என்னைக்குன்னு சொன்னீக? திருப்பூர்ல லீவு கேக்கணும்ல.