கடிகாரத்தை நிறுத்திய கைத்தடி

சட்டம் கற்ற சான்றோரே! சளைக்காத சொல்லேருழவரே! ஆற்றங்கரை மாவட்டம் ஒன்பது முறை நம்பி அனுப்பிய நல்லவரே! அசாஹெல் ப்ரூயிட் அவர்களே! ஓய்வு பெறும் உங்களுக்குப் பேரவை ஊழியர்களாகிய எங்கள் வணக்கம். கூடவே எங்கள் திகைப்பும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இந்த மடலை மூன்று வாரம் முன்பே எழுதி, சுவரில் மாட்டக் கண்ணாடியும் போட்டுவிட்டோம். அதில் ‘பிழை அறியாப் பெருந்தகையே’ என்று ஒரு வரி இருந்தது. செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்திலிருந்து திரும்பியதும் கண்ணாடியைக் கழற்றினோம்.

கூட்டத்தொடர் அறுபதாம் நாள் நண்பகலோடு முடிய வேண்டும் என்பது விதி. வேலை மிச்சமிருந்தால், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நீங்கள் எழுந்து, கைத்தடியை நீட்டி, சுவர்க்கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்துவீர்கள். அவை சிரிக்கும். வெயில் மேற்கே சாய்ந்த பிறகும் நாங்கள் பேரவை ஏட்டில் ‘நண்பகலுக்கு முன்’ என்றே எழுதுவோம். பதினெட்டு ஆண்டுகளாக இதை யாரும் குற்றமாக எண்ணவில்லை, நாங்களும்தான்.

இந்த ஆண்டு அப்படி நின்ற நேரத்தில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, காது கேளாப் பிள்ளைகளுக்கான பள்ளி. பேசாமலே மறைந்த உங்கள் தங்கையை நினைத்து நீங்கள் பதினெட்டு ஆண்டு மன்றாடிப் பெற்றது. மற்றது, ஆற்றோர நிலத்தை ரயில் கம்பெனிக்கு எடுத்துக் கொடுப்பது. அந்த நிலத்தில்தான் கைம்பெண் கெசியா ஹான்லனின் வீடும் ஆப்பிள் தோப்பும் இருக்கின்றன. அவருக்கு வக்கீலும் நீங்களே.

செவ்வாயன்று நீதிமன்றத்தில், நேரம் கடந்து வந்த சட்டம் செல்லாது என்று நீங்கள் கெசியாவுக்காக வாதாடியதும், கம்பெனி வக்கீல் எகத்தாளமாகச் சிரித்தார்.

“ஏட்டுல நண்பகலுக்கு முன்னுன்னுதானே இருக்கு? கடிகாரத்தை யாரு புடிச்சு வச்சது, பேயா?”

“நான்தான். இந்தத் தடியாலதான்,” என்றீர்கள்.

நீதிபதியே பதறிப்போனார். “யோசிச்சுப் பேசுங்க ப்ரூயிட். உங்க பள்ளிக்கூடமும் இதோட போயிடும்.”

கெசியா எழுந்துவிட்டார். “ஐயோ, வேணாம் வக்கீலய்யா! என் ஒரு வீட்டுக்காக அத்தனை பிள்ளைங்க வாயில மண்ணா?”

“உக்காருங்கம்மா. பள்ளிக்கூடத்தை மறுபடி கேக்கலாம். இடிச்ச வீட்டை யார்கிட்ட போய்க் கேக்குறது?”

எங்கள் வாயிற்காவலர் லெவி டன்னுக்கு வாய் அடங்கவில்லை. “அடக் கடவுளே, இந்த மனுஷன் சொந்தக் கூரையிலயே கொள்ளி வச்சுட்டாரே!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

வீடு பிழைத்தது. பள்ளி போயிற்று. ஏட்டில் நாங்கள் எழுதிய பொய் ஊர் முழுக்க அம்பலமாயிற்று. எங்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று உங்கள்மீது கோபம் வந்தது, மறைக்கவில்லை. மறுநாள்தான் வெட்கம் வந்தது. பழைய வரியை அடித்துவிட்டு ‘பிழையை மறைக்காப் பெருந்தகையே’ என்று எழுதியிருக்கிறோம். அடித்த கோடு அப்படியே தெரியட்டும்.

உங்கள் கைத்தடியை நீதிமன்றம் சான்றாக வைத்துக்கொண்டதால், வெள்ளிப் பூண் போட்ட புதுத் தடி ஒன்று தருகிறோம். இது கடிகாரத்தை எட்டாது. லெவி டன் அளந்து பார்த்துவிட்டார்.

அடுத்த தொடரின் முதல் நாள் காலை பத்து மணிக்கு, முதல் மசோதாவாக உங்கள் பள்ளியைக் கொண்டுவருவதாக நாற்பத்தொரு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தாளை இம்மடலின் பின்புறம் ஒட்டியிருக்கிறோம். பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து அதைக் காண நீங்கள் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும், ஐயா!

இங்ஙனம்,
பேரவை எழுத்தர்களும் வாயிற்காவலரும்

எழுதி முடித்த நேரம்: நண்பகல் கடந்து பதினேழு நிமிடம்.