கால் சுற்று

அக்கா, அத்தானின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி அவர் முகத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு வாத்தியார் களை வந்துவிட்டது. அதனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு உடனே அதைக் கழற்றச் சொல்லாதே.

என்னடா வேலை பார்க்கிறாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் 'குச்சி வளைக்கிறேன்' என்பேன். உண்மையும் அதுதான். பட்டறை ஜன்னலோரம் என் மேசை. அதில் இரண்டு முளைகள். அம்புக்கான மரக்குச்சியை முளைகள் மேல் கிடத்தி, நடுவில் ஓர் எடையைத் தொங்கவிடுவேன். குச்சி எவ்வளவு தொய்கிறது என்று முள் காட்டும். ஒரே அளவு தொய்பவற்றைச் சேர்த்தால் ஒரு டஜன். விறைப்பு கூடினால் அம்பு இடப்பக்கம் ஓடும், குறைந்தால் வலப்பக்கம். எவ்வளவு கெட்டிக்காரர் எய்தாலும் அப்படித்தான்.

அத்தான் பக்கத்து மேசையில் அம்புக்கு இறகு ஒட்டுகிறார், வேலை முடிந்தால் பின்பக்கம் வில்லெடுத்து எய்து பழகுகிறார். "என்னடா மாப்ள, இன்னைக்கு எத்தன பேர தூக்குல போட்ட?" என்று கேட்காவிட்டால் அவருக்குக் காலை டீ இறங்காது. எங்களுக்கு ஒரே அறை, ஒரே அடுப்பு. நான் துணி மடிக்கும் அழகைப் பார்த்து, "உன்னக் கட்டிக்கப்போறவ பாவம்டா" என்பார். பிறகு என் சட்டையையும் பிடுங்கி அவரே மடித்து வைப்பார். இந்த ஊரில் என்னைச் சீண்டுவதற்கு இருப்பவர் அவர் ஒருவர்தான், அக்கா.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. வேறு ஊரில் மர வில் எய்யக் கற்றுத்தரும் பயிற்சிக்கூடம். பயிற்சியாளருக்குக் குடும்பத்தோடு தங்க வீடு. நீயும் பாப்பாவும் வந்துவிடலாம். அத்தான் அவர்கள் முன்னால் எய்து காட்டவேண்டும், அவ்வளவுதான். நீ போனில் அழுதது எனக்கும் கேட்டது. சந்தோஷ அழுகை. நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டில் எத்தனை அறை என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டுடா. நீ அப்பப்ப வந்து போ" என்றார் அத்தான்.

வந்து போ.

மரத்துக்கு வரி உண்டு, நீளவாக்கில் ஓடும் கோடுகள். வரி ஒரு பக்கம் பார்த்தால் குச்சி விறைப்பாக நிற்கும். கால் சுற்று திருப்பினால் கொஞ்சம் இளகிவிடும். அதனால் அம்பின் வாலில் நாணை மாட்டும் சின்னக் கவ்வியை, விறைப்பான பக்கம் வில்லைப் பார்க்கும்படி ஒட்டுவோம். நான் அவருடைய ஓர் அம்பில் மட்டும் கவ்வியைச் சூடுகாட்டித் திருப்பினேன். கால் சுற்று. குச்சியில் ஒரு கீறல்கூட இல்லை. வரி தெரியாதபடி எல்லா அம்புக்கும் கறுப்புச் சாயம் பூசினேன். "என்னடா, அம்புக்குக் கோட்டு சூட்டா?" என்று ரசித்தார்.

அத்தான் விவரமானவர். அம்புகளுக்கு எண் போட்டார். "அஞ்சாம் நம்பர் உன்ன மாதிரியேடா. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார். பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி, ஐந்தைச் சரிசெய்து ஒன்பதைத் திருப்பினேன். ஒன்பது ஓடியதும் அதைச் சரிசெய்து இரண்டைத் திருப்பினேன். எல்லாவற்றையும் அவர் கண்ணெதிரே எடை தொங்கவிட்டும் காட்டினேன். சாயத்துக்கு அடியில் வரி எங்கே என்பது எனக்குத் தெரியும் அல்லவா, விறைப்பான பக்கத்தையே எடைக்குக் காட்டிக் கிடத்தினேன். முள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றது.

"அப்போ கோளாறு அம்புல இல்ல" என்றார்.

"கண்ண ஒரு தடவ காட்டிருங்களேன் அத்தான்."

"கிழவன்னு சொல்றியா?"

"அக்காகிட்ட சொல்லமாட்டேன்."

சிரித்தார். கண்ணாடிக் கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஏதோ சின்னப் பவர் எழுதினார்கள். போய் உட்கார்ந்தால் யாருக்கும் எழுதுவார்கள். அப்போதும் அம்பு ஓடவே, கையைச் சந்தேகப்பட்டார். டீ டம்ளரை நீட்டிப் பிடித்து, "நடுங்குதாடா?" என்பார். டம்ளர் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கும். "லேசா" என்பேன்.

எய்து காட்டும் நாளுக்கு மூன்று அம்புகளைத் திருப்பியிருந்தேன். ஒன்று போதும் என்றுதான் இருந்தேன், பயத்தில் கூடிவிட்டது. அறைக்குத் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "உங்க அக்காவுக்கு நீயே சொல்லிடுடா. எனக்கு வாய் வரல" என்றார். அன்று அவர் போனிலிருந்து நான் பேசியது அதனால்தான். "அவரப் பாத்துக்கடா" என்று நீ சொன்னாய். பார்த்துக்கொள்கிறேன், அக்கா. பாத்திரம் கழுவும்போது கண்ணாடி டம்ளரை நானே வாங்கிக்கொள்கிறேன், கை நடுங்கிப் போட்டுவிடுவார் என்று. அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார். இப்போதெல்லாம் என்னைக் கிண்டல் செய்வதில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை.

நேற்று அந்தக் கூடத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். எடுத்த ஆள் சரிப்படவில்லையாம். அத்தான் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "கடைசியா ஒருக்கா பாக்கட்டுமா மாப்ள? நல்லதா ஒரு டஜன் சேத்துக் குடு. உன்னத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

அதைக் கேட்டு மனசு தாங்கவில்லை. அதனால்தான் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லாதே, உடைந்துபோவார். இருப்பதிலேயே நல்ல குச்சிகளாகப் பொறுக்கி, கவ்விகளை ஒட்டி, சாயமும் பூசிக் காயவைத்திருக்கிறேன். திருப்பியது இந்த முறை ஒன்றே ஒன்றுதான், அக்கா. நான் எவ்வளவோ திருந்திவிட்டேன்.