நான்கு துணிக் கிளிப்புகள்

திறந்தவெளியில் இசை வாசிப்பவர்களுக்குத்தான் துணி காயப்போடும் கிளிப்பின் அருமை தெரியும். காற்றுக்கு எந்தத் தாளும் ஒன்றுதான், இசைத்தாளையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் பட்டென்று ஒடிந்துவிடும். மரத்தில் வருவதுதான் நல்லது. நான் எப்போதும் நான்கு வைத்திருப்பேன். அன்றைக்கும் என் அறைக்கு வெளியே இருந்த கொடியிலிருந்து நான்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் இரண்டு, என் தங்கை மாப்பிள்ளையின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவை.

விபத்தைப் பற்றி முதல் தடவை விசாரித்தபோது நீங்கள் கிளிப்பைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த நான்கு நொடியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டீர்கள். பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன் என்றேன். எழுதிக்கொண்டீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்தத் தண்ணீரைக் குடித்ததை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விமானங்கள் மேலே வித்தை காட்டும், கீழே அறுபது பேர் நேரடியாக வாசிப்பார்கள். பதிவு செய்த இசை என்றால் தினமும் ஒரே அளவு ஓடும். அறுபது மனிதர்கள் அப்படி இல்லை. வியர்த்தால் வேகம் கூடும், குழுவை நடத்தும் மாஸ்டர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் கூடும். ஆகவே இசைத்தாளையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, விமானிக்கு ஹெட்செட்டில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

அதற்குமுன் பதினோரு வருடம் அதே குழுவில் வயலின் வாசித்தேன், கடைசி வரிசையில். இடது சுண்டு விரல் மடங்க மறுத்தது. மாஸ்டர்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "வாசிக்கத்தானப்பா முடியல, படிக்கத் தெரியும்ல? வந்து இங்க உக்காரு." நல்ல மனதோடுதான் சொன்னார். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, விரல் போன பிறகும் ஒரு நாற்காலி கிடைத்ததே என்று இருந்தது.

அந்த நாற்காலிக்கு ஒரு விசேஷம் உண்டு. குழுவுக்கு மேலே கித்தான் கூரை போட்டிருப்பார்கள். அவர்களுக்கு வானம் தெரியாது. கூரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் என் முகத்தைப் பார்த்துத்தான் விமானம் சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்வார்கள். பதினோரு வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத முகம் இது.

தனியாக வித்தை காட்டும் விமானத்துக்கு நான் சொல்ல வேண்டியது மூன்றே சொற்கள். 'ஏறு' என்றால் செங்குத்தாக ஏற வேண்டும். 'கவிழ்' என்றால் உச்சியில் தலைகீழாகி, மூக்கைத் தாழ்த்திப் பாய வேண்டும். பாய்ந்து, கூட்டத்தின் முன்னால் தரையை ஒட்டி வளைந்து எழும் அந்த இடத்தில் பெரிய தாளத் தட்டு இரண்டும் மோதும். பாய்வதற்கு உச்சியில் இரண்டாயிரத்து நானூறு அடி இருக்க வேண்டும். என் முன்னால் ஒரு சின்னத் திரை அந்த உயரத்தைக் காட்டும். குறைவாக இருந்தால் மூன்றாவது சொல்: 'விடு'. விமானம் நிமிர்ந்து அப்படியே விலகிப் போய்விடும். கவிழ் என்று சொன்னபின் நான்கு நொடிவரை அதைச் சொல்லலாம். அதற்குமேல் சொல்லிப் பயனில்லை.

வேறு எதுவும் பேசக் கூடாது. நான் பேசாமல் இருந்தால் எல்லாம் சரி என்று பொருள். விமானிகளே வைத்த விதி அது.

விமானி என் தங்கையின் கணவர். குள்ளமாக, ஒல்லியாக இருப்பார், எல்லோருக்கும் குருவி. இந்தக் காட்சிக்கு ஆள் தேடியபோது நான்தான் அவர் பேரைச் சொன்னேன். மூன்று வாரம் என் அறையில் தங்கினார். அந்த அறையில் அதற்குமுன் இரண்டாவது தட்டு எடுத்ததே இல்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"மச்சான், இது சாம்பாரா, இல்ல பாத்திரம் கழுவின தண்ணியா?"

"பிடிக்கலன்னா வைங்க மாப்ள."

"வச்சா உங்க தங்கச்சிகிட்ட யார் திட்டு வாங்குறது? ஊத்துங்க, ஊத்துங்க."

ஒருநாள் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார். "மச்சான், தலைகீழாத் தொங்குறப்ப சூரியன் நேரா மூஞ்சில அடிக்குது. மீட்டர் மங்கலாத்தான் தெரியுது. நீங்க பாத்துக்குவீங்கள்ல?"

"அதுக்குத்தானே மாப்ள உக்காந்திருக்கேன்."

இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. தன் மீட்டரைத் தானே பார்ப்பது விமானியின் பொறுப்பு என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அந்தப் பொறுப்பை அவர் என்னிடம் கொடுத்திருந்தார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

முதல் ஒத்திகையில் நானூறு அடி குறைந்தது. விடு என்றேன். தாளத் தட்டு காலி வானத்துக்கு அடித்தது. இரண்டாவது ஒத்திகையில் முந்நூறு. அன்றும் விடு என்றேன். தட்டு வாசிக்கும் அம்மா குழு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "என்னப்பா, மேளம் கொட்டிட்டோம், உன் மாப்பிள்ளையக் காணோமே?" எல்லோரும் சிரித்தார்கள். குருவியிடம் சொன்னபோது அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு, "வேற யாராச்சும் படிக்கிறவங்க இருக்காங்களா பாருங்க" என்று உதவியாளரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மூன்றாவது ஒத்திகையில் தொண்ணூறு அடி குறைந்தது. நான் பேசவில்லை. குருவி பாய்ந்து, தட்டு மோதிய கணத்தில் வளைந்து எழுந்தார். தரைக்கும் அவருக்கும் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும். கீழே இருப்பவர்களுக்கு அது தெரியாது. அறுபது முகங்களும் என்னைப் பார்த்தன. நான் தலையசைத்தேன். மாஸ்டர் வந்து தோளில் தட்டினார்.

இறங்கியதும் குருவி கேட்டார்: "உயரம் சரியா இருந்துச்சா மச்சான்?"

"கச்சிதம்."

தொண்ணூறு குறைந்தது என்று சொல்லியிருந்தால், மறுநாள் ஏறு என்பதை மூன்று நொடி முன்னால் சொல்லலாம் என்று அவரே சொல்லியிருப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் புல்லாங்குழல் தொடங்கும் இடமும் அவர் ஏறத் தொடங்கும் இடமும் அப்போது ஒட்டாது. எனக்கு அது உறுத்தியது. ஓர் உறுத்தலுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

காட்சி நாளில் வெயில் கொளுத்தியது. சூடான காற்றில் விமானம் திணறித்தான் ஏறும். அதைக் குருவி காலையிலேயே சொன்னார்: "இன்னிக்குக் கொஞ்சம் இழுக்கும் மச்சான். கண்ணக் கொஞ்சம் திறந்து வைங்க." சொல்லிவிட்டு, கொடியில் இருந்த சட்டை இன்னும் காயவில்லை என்று என் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். தோள் தொளதொளவென்று இருந்தது.

கூட்டத்தைப் பார்த்ததும் மாஸ்டர் வேகம் பிடித்துவிட்டார். புல்லாங்குழல் வந்தது. ஏறு என்றேன். குருவி ஏறினார், வெள்ளைப் புகை நேர்கோடாக நின்றது. அவர் உச்சிக்குப் போவதற்குள் இசை உச்சிக்குப் போய்விட்டது. கவிழ் என்றேன். திரையைப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து நூற்று நாற்பது. இருநூற்று அறுபது அடி குறைவு.

முதல் நொடியில் வாயைத் திறந்தேன். அது உண்மை. இரண்டாவது நொடியில் தட்டு வாசிக்கும் அம்மா இரண்டு கைகளையும் தூக்கி என்னைப் பார்த்தார். மூன்றாவது நொடியில், தொண்ணூறுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். குருவி கெட்டிக்காரர், எப்படியாவது இழுத்துவிடுவார் என்று நினைத்தேன். நான்காவது நொடியில் எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை. இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தட்டு மோதியபோது விமானம் மிகச் சரியாக அந்த இடத்தில் இருந்தது. என் வாழ்நாளில் இரண்டு விஷயங்கள் அவ்வளவு சரியாகப் பொருந்திப் பார்த்ததில்லை. அது தரையைத் தொட்ட கணமும் அதுவே. கூட்டத்தின் ஒரு பகுதி கைதட்டத் தொடங்கிவிட்டது. கித்தானுக்குக் கீழே இருந்தவர்கள் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையசைத்துவிட்டேன். அதனால்தான் அவர்கள் மேலும் சில வரிகள் வாசித்தார்கள். அந்தத் தலையசைப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்களும் சொல்லவில்லை.

விமானியின் கணிப்புப் பிழை என்று அறிக்கை வந்தது. பக்கம் திருப்பும்போது கண் தாளில்தான் இருக்கும், அது மனித இயல்பு என்று என்னைப் பற்றி இரண்டு வரி இருந்தது. குழுவில் எல்லோரும் என்மேல் இரக்கம் காட்டினார்கள். மாஸ்டர் வீட்டுக்கே வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கை வாராவாரம் போன் செய்கிறாள். முதலில் நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். பிறகு ஒரே கேள்வி.

"அவ்ளோ கவனமா இருக்கிற மனுஷன்ணா. வீட்ல கேஸ மூடிட்டு மூணு தடவ பாப்பாரு. தப்பு அவர் மேலதானா?"

நான் பேசாமல் இருப்பேன். அவளுக்கும் அதற்கு ஒரே பொருள்தான்.

"சரிண்ணா. நீ மனசப் போட்டு அலட்டிக்காத. உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிடுவாள். போன வாரம் மட்டும் ஒன்று கூடுதலாகச் சொன்னாள். விமானத்துக்கு ஆசைப்படும் மகனிடம், "உங்கப்பா மாதிரி அசட்டையா இருந்தா நீயும் அவர் போன எடத்துக்குத்தான் போவ" என்று சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டு அழுதாளாம்.

அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தங்கையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நீங்களே சொல்லிவிடுங்கள்.

இத்துடன் ஓர் அட்டைப் பலகையை அனுப்புகிறேன். நீங்கள் தேடாததால் என் அலமாரியிலேயே இருந்தது. மும்முரமான இடத்தில் பக்கம் திருப்ப வேண்டியிருந்தால், அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து ஒரே அட்டையில் அருகருகே ஒட்டிக்கொள்வது எங்கள் பழக்கம். யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் கேட்கவில்லை. புல்லாங்குழல் தொடங்குவதிலிருந்து தட்டு மோதும்வரை மூன்று பக்கமும் இதில் இருக்கிறது. 'கவிழ்' என்ற இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, 'திரையைப் பார்' என்று எழுதியிருப்பது என் கையெழுத்துதான். நான்கு மூலையிலும் கிளிப்புகள் அப்படியே இருக்கின்றன.

திருப்புவதற்கு அதில் பக்கமே இல்லை.