மஞ்சள் தடவாத மெயில்

காபி நன்றாகவே இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் ஒரு கை தூக்கல். ஸ்டேஷனுக்கு வருகிறவன் ஏற்கெனவே கசந்துபோய் வருவான் என்று யாரோ இரக்கப்பட்டுப் போட்டிருக்கிறார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். ஸ்ரீனிவாசராகவன், வயது எழுபத்து நாலு, ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதி. திருச்சி தந்தி ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் உத்தியோகம். உறையூரில் ஒருவர் நான் கொண்டுபோய்க் கொடுத்த தந்தியைப் பிரிக்காமலேயே அழுது, ஊரைக் கூட்டி, மொட்டையும் போட்டுக்கொண்டார். உள்ளே ‘ஆண் குழந்தை’ என்று இருந்தது. நீங்கள் சிரிக்க வேண்டாம், அவரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவின கவர் வந்தால் கல்யாணம், சாவகாசமாகப் பிரிக்கலாம். மஞ்சள் இல்லாத கவர் வந்தால் வாசல்படி தாண்டுவதற்குள் பிரித்துவிடுவார்கள். மனுஷனை ஓடிவரச் செய்வது எது என்று இதற்கு மேல் ஒரு பட்டப்படிப்பு கிடையாது.

காட்டூரில் சிவசங்கர் என்று ஒருவர் கம்பெனி வைத்திருக்கிறார். பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றவர்கள் இங்கே. இந்த நடுவிலுள்ள குற்ற உணர்ச்சிதான் அவருக்கு மூலதனம். வாரம் ஒரு தடவை நர்ஸ் வருவாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுப்பார்கள். அமுக்கினால் இருபது நிமிஷத்தில் ஆள் வரும். நல்ல சேவை. ஆனால் அவர் அனுப்பின மெயில் இருக்கிறதே, ‘தங்கள் பெற்றோருக்கு எங்கள் அன்பான பராமரிப்பு’. நூறு பேருக்குப் போனால் மூன்று பேர் பிரித்தார்கள். அதில் ஒருவர் சிவசங்கரின் மச்சினர்.

மெயில் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார், நான் எழுத ஆரம்பித்தேன். அனுப்புகிறவர் பெயர் வரும் இடத்தில் கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு, அந்தந்தப் பிள்ளையின் அம்மா பெயரைப் போட்டேன். தலைப்பு: ‘நேத்துலேர்ந்து அம்மா போன் எடுக்கலை.’ உள்ளே, ‘பயப்படாதீர்கள், எடுத்திருப்பார். எடுக்காத நாளுக்காக நாங்கள் இருக்கிறோம்.’ நூற்றுக்கு எண்பத்தொரு பேர் பிரித்தார்கள். யார் எத்தனை நிமிஷத்தில் பிரித்தார்கள் என்பதை என் லாப்டாப்பே காட்டும். ஒருவர் தாலி கட்டுவதை நிறுத்திவிட்டுப் பிரித்ததாகக் கேள்வி.

“சார், இது கொஞ்சம் ஓவரா இல்லீங்களா?” என்றார் சிவசங்கர்.

“பிரிக்கிறாங்களா இல்லையா?”

“பிரிக்கிறாங்க.”

“அப்ப போய் வேற வேலை இருந்தா பாருங்க.”

அவர் போனார். அவர் பங்கையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்போது வேதவதி மாமிக்கு வருகிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரே சுவர். எழுபத்தொன்பது வயசு, தனிக்கட்டை. ஒரே பிள்ளை ஹ்ருஷிகேஷ், டல்லாஸில். முதல் மெயிலை அவன் நாலு நிமிஷத்தில் பிரித்தான். உடனே அம்மாவைச் சேர்த்தும் விட்டான், பொத்தான் வந்தது. சேர்ந்தவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி முறை. நான் எடுக்கவில்லை. நாலு நிமிஷத்தில் பிரிக்கிறவனை யார் விடுவார்கள்? ‘அம்மா விழுந்துவிட்டாள்’ என்று தலைப்பை மாற்றி அடுத்தடுத்து அனுப்பினேன்.

மாமி ஒருநாள் சுவரோரம் நின்று சொன்னாள். “ஹ்ருஷி திடீர்னு கூப்பிட்டு, ‘விழுந்துட்டியாம்மா’ங்கறான் மாமா. எவனோ கட்டேல போறவன் என் பேர்ல கடுதாசி போடறானாம்.”

“காலம் கெட்டுக் கிடக்கு மாமி” என்றேன்.

இரண்டாவதைப் பிரிக்க ஒன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டான். மூன்றாவதை மறுநாள்தான் பிரித்தான். நாலாவதற்குப் பதில் எழுதினான், ‘உங்களுக்கெல்லாம் வெட்கமே இல்லையா?’ என்று. ஐந்தாவதை அவன் பிரிக்கவே இல்லை. ஆறாவதையும். பெற்றவள் பெயரில், விழுந்துவிட்டாள் என்று வருகிற மெயிலைப் பிரிக்காமல் சாப்பிட்டுத் தூங்குகிறவன் என்ன ஜன்மம், சொல்லுங்கள். எனக்கு அவன்மேல் ஒரு வெறுப்பு விழுந்தது. வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

போன பங்குனியில், காலை எட்டேகாலுக்கு, மாமியின் குரல் கேட்டது. மாற்றுச் சாவி என்னிடம் உண்டு. ஸ்நான அறை வாசலில் விழுந்து கிடந்தாள். நெற்றியில் ரத்தம் கொஞ்சம்தான். பேச்சு தெளிவாகவே இருந்தது. பொத்தான், பூஜை அறையான பெருமாள் உள்ளுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிற்று. பிளாஸ்டிக் மடிக்கு ஆகாது என்று குளிக்கும்போது கழற்றி மாட்டிவிடுவாள். கொள்ளிடத்துக்குத் தெற்கே இந்த ஒரு வழக்கத்தை எந்தக் கம்பெனியும் யோசித்திருக்காது.

“அதை அமுக்குங்கோ மாமா. ஹ்ருஷிக்கும் சொல்லுங்கோ.”

“இதோ மாமி.”

இரண்டாவது வேலையை முதலில் எடுத்துக்கொண்டேன். என் வீட்டிலிருந்து லாப்டாப்பை எடுத்துவந்து, ஆணிக்குப் பக்கத்திலேயே மாமியின் ஊஞ்சலில் உட்கார்ந்து திறந்தேன். டல்லாஸில் அப்போது ராத்திரி பத்து மணிகூட ஆகவில்லை, முழித்துக்கொண்டுதான் இருப்பான். ‘அம்மா விழுந்துவிட்டாள்.’ பதினைந்து நிமிஷம், பிரிக்கவில்லை. ‘இது நிஜம்.’ பிரிக்கவில்லை. ‘ஹ்ருஷி, ரத்தம்.’ அதையும் பிரிக்கவில்லை. நடுவில் மாமி இரண்டு தரம், “அமுக்கினேளா?” என்றாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

போன் பண்ணியிருக்கலாமே என்கிறீர்கள். பண்ணியிருக்கலாம். மணி அடித்தால் எவனும் எடுப்பான், அதில் எழுதினவனுக்கு என்ன மரியாதை? பொத்தானை அமுக்கியிருந்தால் காட்டூரிலிருந்து நர்ஸ் பொன்னுத்தாய் வந்திருப்பாள், எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் அவன் எதற்குப் பிரிப்பான்? மெயில் பொய்யாகிவிடுமே.

ஒன்பதரைக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் மஞ்சள் தடவாமல் அனுப்பி அனுப்பி அவனுக்கு மரத்துப்போயிருந்தது. மஞ்சள் தடவினேன். தலைப்பு: ‘வடுமாங்காய் போட்டாச்சு, யார்கிட்ட குடுத்தனுப்ப?’ உள்ளே ஒரே வரி: ‘அம்மா கீழே கிடக்கிறாள்.’

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மேடம். பிரித்துவிட்டான். முப்பத்தொரு வருஷத் தந்தி உத்தியோகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்று அவன் என் போனுக்குக் கூப்பிட்டான். மெயிலை இன்னொரு தடவை படிக்கட்டும் என்று எடுக்கவில்லை. அவனே காட்டூருக்குக் கூப்பிட்டிருக்கிறான். பொன்னுத்தாய் பத்து மணிக்கு வந்து, மாமியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். பிறகு ஆணியைப் பார்த்தாள். கெட்டிக்காரி. உங்களுக்குச் சொன்னவள் அவள்தானே?

தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம். முதல் ஒரு மணிக்குள் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு முதலில் அனுப்பின மெயிலையே அவன் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனையும் கேளுங்கள்.

கையெழுத்து இங்கேதானே? ஒரு சின்ன விஷயம். இதன் நகலை அவனுக்கும் மெயிலில் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். ‘குற்றவாளியின் வாக்குமூலம்’ என்று தலைப்பு வைத்தால் எவன் பிரிப்பான்? அனுப்புகிறவர் இடத்தில் மாமியின் பெயரைப் போடுங்கள். அந்தப் பெயரில் வருவதை இனி அவன் பிரிக்காமல் இருக்கமாட்டான்.